நூலிழை தள்ளி

பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குத் தங்கம் வார்க்கிறேன்.
போபயான் ஊரில், ஒரு பல் மருத்துவரின் மாடியறையில்
எனக்கென்று சின்ன உலை, துளைப்பான்,
மயிரிழை பிசகினாலும் முறைக்கும் தராசு.

சம்பளத்தில் முழுக் காசு கட்டுப்படியாகாது.
ஓட்டைக் காசுகளாய்ச் சேர்க்கிறேன்:
கழுத்தில் கோக்க யாரோ ஆணியிறக்கிய எஸ்குடோக்கள்.
ஓட்டை விழுந்தால் பாதி விலை.
அரசன் நெற்றியில் விழுந்தால் இன்னும் மலிவு.
"காயம்பட்டது வந்திருக்கிறது நெல்ஸி,
உனக்கென்று எடுத்துவைத்தேன்" என்பார் ஓத்தாலோரா,
கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

எல்லாம் இதே ஊரில் அடித்தவை.
விளிம்பில் ஏழாம் பெர்னாந்து என்று பெயர் ஓடும்.
முகமோ அவன் அப்பனுடையது.
மகனின் முகம் கடல் தாண்டி வந்து சேரவில்லை,
சம்மட்டி காத்திருக்கவில்லை.
பெயர் ஒருவன், மூக்கு ஒருவன்.
உரைகல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான்கு வருடத்துக்கு முன் வாடகை மூன்று மாதம் நின்றது.
இருந்த பதினொன்றில் ஒன்றை எடுத்தேன்.
1815. ஓட்டை காதுக்கு மேலே.
இருபத்தொரு காரட் மாற்றுக்குச் செம்பும் வெள்ளியும் கூட்டி
ஒரு கடுகளவு உருக்கி
அடைத்து
தேய்த்து
அரசனின் சுருள்முடியில் மூன்று இழையை
ஊசிமுனையால் நானே வாரிவிட்டேன்.
கடைவாய்ப் பல்லை அடைப்பதைவிடச் சுலபம்.
வலிக்கிறதா என்று கேட்கவேண்டியதில்லை.

ஓத்தாலோரா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.
புரட்டினார். மறுபடி பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் முழு விலையை எண்ணி வைத்தார்.
அவருக்குத் தெரியுமா என்பது
எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மார்ச்சில் காலி நகரத்தில் ஏலம்.
ஊருக்குப் பெயர்தான் காலி, கூடத்தில் நிற்க இடமில்லை.
வேடிக்கை பார்க்கப் போனவள் நான்.
நாற்பத்திரண்டாம் எண். திரை முழுக்க அந்தத் தலை.
"பழுதே இல்லாதது. கேசத்தில் ஒவ்வோர் இழையும்
எழும்பி நிற்பதைப் பாருங்கள்" என்றார் ஏலக்காரர்.
என் மூன்று இழைகள்.
முன்வரிசைச் சர்க்கரை ஆலை முதலாளி
மனைவி பக்கம் சாய்ந்து சொன்னார்:
"இப்படிச் செதுக்க இன்றைக்கு எவருக்கும் கை வராது."
சிரிப்பு வந்தது.
பிறகு வயிற்றைப் பிசைந்தது.
பிறகு பார்த்தால் என் கை மேலே நிற்கிறது.

மோட்டார் சைக்கிளுக்குச் சேர்த்த பணம் போயிற்று.
அதற்கு மேலும் ஒன்பது மாதத் தவணை.
சொந்தப் பொய்யை வட்டியோடு மீட்டவள்
ரசீதில் கையெழுத்திட்டேன்:
பழுதற்ற காசு, ஒன்று.

இது யார் கழுத்தில் கிடந்ததென்று எனக்குத் தெரியாது.
தெரிந்ததுபோல் சொல்லவும் மாட்டேன்.
பார்பகோவாஸ் பக்கம் திருநாள் ஓய்வில் ஆற்று மணல் அரித்துத்
தன்னையே விலைகொடுத்து வாங்கிய ஒருத்தியாக இருக்கலாம்.
அவளை வைத்திருந்தவனின் கைக்குழந்தையாகவும் இருக்கலாம்.
ஒரு கழுத்து இருந்தது.
ஓட்டை அதற்கு மேல் எதுவும் சொல்லாது.
அந்த ஒன்றைத்தான் அடைத்திருந்தேன்.

இரவு துளைப்பானில் ஆக மெல்லிய முனையை மாட்டினேன்.
மின்சாரம் இருமுறை போய் வந்தது.
முடித்ததும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தால்
பழைய துளைக்கு நூலிழை தள்ளி விழுந்திருக்கிறது என் துளை.
ஒரு பக்கம் அடைப்பு இன்னும்
நகக்கண் பிறையாய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.
அதையும் எடுக்கப் போனால் அவன் காது போய்விடும்.

விட்டுவிட்டேன்.
மேசையில் சிந்திய துகளை ஈரவிரலால் ஒற்றி
மூசையில் சேர்த்தேன்.
காலை எட்டு மணிக்கு மேல்வரிசை, இடதுபுறம்,
ஒருவர் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.